உதுமாநாச்சி குடியின் குறிக்கம்பி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். மௌத்தாகிப் போய்ச் சேர்ந்தவர்களின் குறையைப் பேசக் கூடாது என்று மார்க்கம் சொல்கிறது. நானும் தொழுகையை விடாதவன், அதனால் பேனையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த எண்ணம் வந்து தடுத்துவிடும். ஆனால் மாட்டு மயிரும் தோலும் சேர்ந்து கருகுகிற அந்த வாடை இந்த வயதிலும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. கலியாண வீட்டில் ஆட்டுத் தலை வாட்டினாலும் எனக்கு எங்கள் மாட்டுப் பட்டிதான் ஞாபகம் வருகிறது, பட்டியோடு அந்த மனிசனும் வந்துவிடுகிறார்.

பெரும்போக நெல் வெட்டு முடிந்ததும் மாவடிப்பள்ளி வயல்களில் மாடுகளை இறக்குவார்கள். அந்தக் காலத்தில்தான் கன்றுகளுக்குக் "குறி சுடுறது". கம்பியின் நுனியில் குடியின் குறி வளைத்திருக்கும். அதை நெருப்பில் பழுக்க வைத்து, கன்றைப் படுக்கப்போட்டுத் தொடையில் வைப்பார்கள். வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், எங்கள் கரையில் குடி என்கிற வம்சப்பேர் உம்மாவின் வழியாக வருவது. வாப்பா எந்தக் குடியாக இருந்தாலும் பிள்ளைகள் உம்மாவின் குடிதான். ஆகவே குறிக்கம்பியும் பெண் வீட்டில் இருக்கும், உம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை அதை எடுத்துப் பாவிக்கலாம், தன்னுடையது என்று சொல்ல முடியாது. எங்களுடையது உதுமாநாச்சி குடி, எங்கள் குறி வில்லு. எங்கள் ஊரான கல்முனைக்குடியில் அந்தக் குடிக்கு மிஞ்சியிருந்தது கடற்கரையோரம் எங்கள் வீடு ஒன்றுதான்.

வாப்பா மௌத்தான பிறகு எங்கள் மாடுகளை ஒரு மரைக்கார் தன் பட்டியோடு சேர்த்துப் பார்த்தார். மரைக்கார் என்றால் பள்ளிவாசலில் ஒரு குடியின் பேரில் நின்று பொறுப்புப் பார்ப்பவர். அவர் லெவ்வைப்பிள்ளை குடி. எங்கள் குடியில் வளர்ந்த ஆம்பிளை இல்லாததால் எங்களுக்கும் அவரே பேசுவார். ஒரு வருஷம் எங்கள் கம்பியை வாங்கிக்கொண்டு போனவர் அதைத் திருப்பித் தரவில்லை. உம்மா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு அவருடைய பட்டிக்கே போனார். வயதில் மூத்தவரை நாங்கள் காக்கா என்போம்.

"காக்கா, கம்பியத் தாங்க. எங்கட கன்டுக்கும் குறி வைக்கணுமே."

"என்ன கம்பி புள்ள? பொம்புளைக்கு என்னத்துக்கு இரும்பு? கத்தரிக்காய்க்குக் குறி சுடப் போறியா?"

பட்டியில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். உம்மா எங்கள் பசுக்களைக் காட்டி, அதுகளின் தொடையில் இருக்கிற வில்லைப் பாருங்கள் என்றார். "வில்லு எங்கட குடிக் குறி, கம்பி என்ட கையில இருக்கு" என்று சொல்லிவிட்டு மரைக்கார் தன் வேலையைப் பார்த்தார். மாடுகள் அப்படியே அவரோடு போயின.

அந்த வருஷப் பள்ளிவாசல் கந்தூரி விருந்தில் வழக்கம்போல் குடிகுடியாகப் பேர் கூப்பிட்டுச் சோற்றுப் பங்கு கொடுத்தார்கள். எங்கள் பேர் வரவில்லை. சட்டியோடு முன்னால் போய் நின்றேன்.

"எந்தக் குடிடா நீ?" என்று ஊர் கேட்கக் கேட்டார் அந்த மரைக்கார். "உதுமாநாச்சியா? அப்பிடி ஒரு குடி இந்தப் பள்ளியில இல்ல. வந்தான் வரத்தான் எல்லாம் கடைசியில வாங்க."

உண்மை தெரிந்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். அவருடைய வயலையும் தோணியையும் நம்பிப் பிழைத்தவர்கள், வாய் திறக்கவில்லை. வெறும் சட்டியோடு வந்த என்னை உம்மா கிணற்றடியில் இருத்தி முகம் கழுவிவிட்டார். "சோறு போனாப் போகட்டும் மனெ. பேர விட்டுராத. ஊருக்கு முன்னால அவர்ர வாயாலயே ஒருநாள் செல்ல வைக்கணும்." உம்மா அதைக் கோபத்தில் சொல்லவில்லை, கடைக்குப் போய் வரச் சொல்வது போலச் சொன்னார். பிறகு என் மூத்த சகோதரியான ராத்தாவைப் பெண் கேட்டு வந்தவர்கள் "என்ன குடி?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்து எழுந்து போனபோது, அந்தச் சொல் எனக்குள் இறுகிப்போனது. தொழுது கையேந்தினால் மற்றத் தேவைகளுக்கு முன்னால் அதைத்தான் கேட்பேன்.

சுனாமியில் வீட்டோடு உம்மாவும் போனார். ஜனாஸாவாக உம்மாவின் உடல் கிடைத்ததே பெரிது என்று அல்ஹம்துலில்லாஹ் சொல்லி அடக்கினோம். மரைக்காரின் வீடு ரோட்டுக்கு மேற்கே இருந்தது, அதில் ஓர் ஓடும் விழவில்லை. அன்றைக்கு நான் அல்லாஹ்விடம் என்ன கேட்டேன் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

யுத்தம் முடிந்த பிறகு, கடல் கொண்டுபோனது போக மிஞ்சியதையாவது காப்பாற்றுவோம் என்று எங்கள் ஊர் இளைஞர்கள் சிலர் ஓர் அறையில் பழைய சாமான்களைச் சேர்த்தார்கள். சுவரில் ஊரிலுள்ள குடிகளின் பேர்களை வரிசையாக எழுதியிருந்தார்கள். திறப்பு நாளன்று நான் போனதே அந்தச் சுவரைப் பார்க்கத்தான். மேலிருந்து கீழாக இரண்டு தரம் வாசித்தேன், உதுமாநாச்சி குடி இல்லை. திரும்பினால் கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கள் வில்லு இருந்தது. அதன் கீழே "லெவ்வைப்பிள்ளை குடியின் குறிக்கம்பி" என்று எழுதியிருந்தது. முன்வரிசைக் கதிரையில் வயது போன மரைக்கார் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய மகன், கடை வைத்திருப்பவர், எழுந்து பேசினார்.

"இது எங்கட மூத்தவாப்பாட கையிலயிருந்து வாப்பாட கைக்கு வந்த கம்பி. எங்கட வீட்டுலதான் இவ்வளவு காலமும் பத்திரமா இருந்த."

ஊருக்கு முன்னால் அவர் வாயைவிட்ட இடம் அதுதான். நான் எழுந்தேன்.

"தம்பி, உங்கட வாப்பா லெவ்வைப்பிள்ளை குடி, சரி. அந்தக் குடிக் கம்பி எண்டா வாப்பாட தங்கச்சி, உங்கட மாமிட வீட்டுல இருக்கணும். உங்கட உம்மா வேற குடி. உங்கட வீட்டுக்கு அது எப்பிடி வந்த?"

பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கிழட்டுக் குரல் வந்தது. மரைக்காரின் கூடப்பிறந்த தங்கச்சி.

"எங்கட குறி ஏணிதானே காக்கா! கம்பி இன்னும் என்ட மகள்ட வீட்டுல கிடக்கு. இதென்ன வில்லு, ஆர்ர வில்லு?"

திரைக்குப் பின்னால் முதலில் சிரித்தார்கள், பிறகு ஆண்கள் பக்கமும் சிரித்தது. "மரைக்கார் ரெண்டு குடிக்குப் பொறந்திருக்கார்" என்று பின்வரிசையில் யாரோ சொன்னது அவருக்கும் கேட்டது. ஏற்பாட்டுக்காரப் பொடியன் மரைக்காரிடம் குனிந்து, "மூத்தவாப்பா, ஆர்ர கம்பி இது?" என்று கேட்டான். நான் நின்றபடியே நின்றேன், அவர் சொல்லாமல் உட்காருவதில்லை என்று.

"உதுமாநாச்சி குடிட" என்றார்.

"கேக்கல்ல காக்கா" என்றேன்.

இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னார். அன்றைக்கு வயிறு நிறையத் தின்றவனைப் போல உறங்கினேன்.

அவர் படுக்கையில் விழுந்து கடைசி நேரத்தில் கிடந்தபோது அந்த மகன் என் வாசலுக்கு வந்தார். "காக்கா, வாப்பாவுக்குப் பொருத்தம் தாங்க, பொறுத்திட்டன் எண்டு செல்லுங்க. உங்கட பேரச் செல்லிச் செல்லி அழுறார்." மனிசருக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிசர்தான் பொறுக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானில் எத்தனையோ முறை கேட்டவன் நான்.

"சட்டியோட நிண்டது நான்தான், ஆனா அந்தக் கம்பி உம்மாட. நான் பொறுக்க ஏலாது. உம்மாட்டக் கேக்கச் செல்லுங்க. கிட்டத்தானே போறார்."

கதவைச் சாத்தினேன். வீட்டுக்காரி என்னோடு கொஞ்ச நாள் கதைக்கவில்லை.

இன்றைக்கு அந்த மேய்ச்சல் தரையில் பட்டிகள் இல்லை, குறி சுடுவதும் இல்லை. என் பேரப்பிள்ளைகளுக்கு ஏணியும் வில்லும் வெறும் கோடுகள். கண்ணாடிப் பெட்டியில் பேரை மாற்றி எழுதிவிட்டார்கள், சுவரிலும் எங்கள் குடியைச் சேர்த்துவிட்டார்கள். என்றாலும் ஊர்க் கதை வாய் மாறும்போது இனிப்பாகிவிடுகிறது. மரைக்கார் மறதியாகக் கம்பியை வைத்துக்கொண்டார் என்று இப்போதே ஒருத்தர் சொல்லத் தொடங்கியிருக்கிறார். மறதி இல்லை, எடுத்தார். இதை வாசிக்கிறவர்கள் உங்கள் பிள்ளைகளுக்கு இப்படியே சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கேட்க நன்றாக இருக்கும் என்று, கடைசியில் நான் மன்னித்துவிட்டேன் என்று மட்டும் யாரும் சேர்த்துவிடாதீர்கள்.