பீரோவில் ஒரே தட்டு, தம்பிக்குக் கல்யாணம்

போன மாதம் திருச்செங்கோட்டில் என் தம்பிக்குக் கல்யாணம். சித்தப்பா மகன்தான். ஆனால் எனக்குக் கூடப் பிறந்த தம்பி கிடையாது என்பதால் ஊரெல்லாம் ‘என் தம்பி, என் தம்பி’ என்று சொல்லியே வளர்த்துவிட்டேன். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி வைத்திருக்கிறான். வருஷத்தில் பாதி நாள் வெளி மாநிலத்தில் போர் போட்டுக்கொண்டு கிடப்பான். அவனுக்குப் பெண் அமைவதற்குள் குடும்பமே ஒரு வழியாகிவிட்டது. புரோக்கர், ஜோசியர், மேட்ரிமோனி என்று அலையாத அலைச்சல் அலைந்து, கடைசியில் வெண்ணந்தூர்ப் பக்கம் தங்கமாக ஒரு பெண் கிடைத்தாள்.

அந்தக் கல்யாணத்துக்கு நான் பழைய சேலை கட்டிக்கொண்டு போனேன்.

‘அடக் கஞ்சமே’ என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. இருங்கள்... முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது பீரோவைத் திறந்தேன், மேல் தட்டிலிருந்து துணியெல்லாம் சரிந்து தலைமேல் விழுந்தது என்று எழுதியிருந்தேன். அதில் பாதி, விலைச் சீட்டுகூடக் கிழிக்காதவை. எப்போது வாங்கினேன்? எதற்கு வாங்கினேன்? பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது போனைத் தள்ளித் தள்ளி வாங்கியவை. இரண்டு தடவை துவைத்தால் சாயமும் போய், உருவமும் போய், கால்மிதிக்குக்கூட ஆகாதவை. நான் இருப்பது ராசிபுரம். ஜன்னலைத் திறந்தால் தறிச் சத்தம் கேட்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, எங்கிருந்தோ பாலிதீன் கவரில் வரும் துணிக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

வெட்கமாகிவிட்டது. அன்றைக்கே ஒரு சட்டம் போட்டேன். இந்த வருஷம் முழுக்க பீரோவில் எனக்கு ஒரே ஒரு தட்டு. அதில் எவ்வளவு அடுக்க முடியுமோ அவ்வளவுதான் உடுத்துவது. காலேஜுக்கும் அதுதான், கோயிலுக்கும் அதுதான், கல்யாணம் காட்சிக்கும் அதுதான். மிச்சத்தை வேண்டியவர்களுக்குக் கொடுத்தாகிவிட்டது. புதிதாக வாங்குவது கிடையாது.

ஆரம்பத்தில் கொஞ்சம் உதறல்தான். நான் பாடம் நடத்தும் காலேஜில் பெண்பிள்ளைகளின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. பச்சைக் காட்டன் என்றால் திங்கள்கிழமை, நீலச் சுடிதார் என்றால் வியாழக்கிழமை என்று என்னை வைத்தே டைம்டேபிள் போட்டுவிட்டார்கள். ஒரு வாரம் நான் மாற்றிக் கட்டிப் போனதில், கிழமை குழம்பிப்போய் ஒருத்தி வேறு பாடத்தின் ரெக்கார்டு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். என் வீட்டுக்காரர் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். அவருக்கு இது போதாதா? நான் சேலையை உதறும்போதெல்லாம் ‘எப்.சி. காட்டியாச்சா?’ என்று, பழைய லாரிக்குத் தகுதிச் சான்று கேட்பது போலக் கேட்பார்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். காலையில் பீரோ முன்னால் நின்று ‘கட்டிக்க ஒன்றுமே இல்லையே’ என்று புலம்புவது நின்றுபோனது. எல்லாமே எனக்குப் பிடித்தவை, எல்லாவற்றுக்கும் ரவிக்கை சரியாக இருக்கிறது. வேறென்ன வேண்டும்? நிம்மதியாக இருந்தேன்.

அப்போதுதான் தம்பி கல்யாணத்துக்கு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தார்கள்.

ஆரம்பித்தவள் ரேவதி. என் சின்னம்மாவின் — அதாவது மாப்பிள்ளையின் அம்மாவின் — அக்கா மகள். அவனுக்குத் தங்கை முறை. நல்ல பிள்ளை, சுறுசுறுப்பு. மெஹந்திக்கு ஒரு கலர், ரிசப்ஷனுக்கு ஒரு கலர், முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் பிஸ்தா பச்சையில் ரோஸ் பார்டர் வைத்த ஒரே சேலை என்று வரிசையாக லிங்க் அனுப்பினாள். ரீல்ஸில் எல்லோரும் கட்டிக்கொண்டு ஆடுகிறார்களே, அந்தச் சேலை. ‘நான் என் பட்டையே கட்டிக்கொள்கிறேன்’ என்று போட்டேன். மறுநாள் சின்னம்மாவிடமிருந்து போன் வந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவன் அக்காவோ தங்கையோ நிற்பாள். மணப்பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையின் ஒரு நுனி அவன் கையில், மறு நுனி இவள் கையில். கல்யாணம் ஆனாலும் நீயும் நானும் விட்டுப்போகவில்லை என்று ஊரறியச் சொல்கிற சீர் அது. கூடப் பிறந்தவள் இல்லாதவனுக்குப் பங்காளி வீட்டு அக்கா நிற்பாள். அவன் டவுசர் போட்ட காலத்திலிருந்தே, அந்த இடம் எனக்கு என்பது பேச்சு. எனக்கோ வேறு தம்பி இல்லை. இந்த ஒரு கல்யாணத்தை விட்டால் எனக்கு இணைச்சீர் என்பதே வாழ்க்கையில் கிடையாது.

சின்னம்மா சுற்றி வளைக்கவில்லை.

“எல்லாரும் ஒரே மாதிரி நிக்கறப்ப நீ மட்டும் பழைய சேலையில நின்னா, பொண்ணூட்டுக்காரங்க என்ன சாமி நெனைப்பாங்க? அந்தச் சேலையக் கட்டறதுன்னா நீ நில்லு. இல்லீன்னா ரேவதி நிக்கட்டும்.”

போனை வைத்தேன். உண்மையைச் சொல்கிறேன்... அந்த லிங்கைத் திறந்தேன். சேலையை கார்ட்டிலும் போட்டுவிட்டேன். ஒரு சேலைதானே, அதற்காகத் தம்பியின் சீரை விடுவதா? ஊர் உலகத்தைத் திருத்த நான் யார்? பணம் கட்டும் பட்டனுக்கு மேல் விரல் நிற்கிறது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். கேலி செய்யவில்லை. இதை வாங்கினால் வளைகாப்புக்கு வேறொரு கலர் வரும், காதுகுத்துக்கு இன்னொரு கலர் வரும், அதையும் யோசித்துக்கொள் என்று மட்டும் சொன்னார்.

அப்போது வந்தது பாருங்கள் எனக்கு ஒரு கோபம்! அவன் டைபாய்டில் கிடந்தபோது ராத்திரி பகலாக ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தவள் நான். அவனுக்கு அக்கா என்று நிரூபிக்க நான் பிஸ்தா பச்சை கட்ட வேண்டுமா? கொள்கையாவது மண்ணாவது... எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கார்ட்டைக் காலி செய்தேன். தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்யாண வேலையில் கிடப்பவனிடம் போய் இந்தப் பஞ்சாயத்தை வைப்பதா?

முகூர்த்தத்தன்று என் தட்டிலிருந்த அரக்குக் கலர் பட்டைக் கட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன்.

வாசலில் பார்க்கிறேன்... பன்னீர் தெளிக்க, சந்தனம் கொடுக்க ஈவென்ட் கம்பெனிக்காரர்கள் பெண்களை நிறுத்தியிருந்தார்கள். வரிசையாக, சிரித்த முகமாக, அழகழகான பெண்கள். எல்லோரும் பிஸ்தா பச்சையில் ரோஸ் பார்டர்!

அதே சேலை. அச்சு அசல் அதேதான். ரீல்ஸ் பார்ப்பது நம் வீட்டில் மட்டுமா?

அப்புறம் மண்டபத்தில் நடந்ததை என்னவென்று சொல்ல? மாப்பிள்ளையின் பெரியத்தையிடம் யாரோ ஒருவர் கை கழுவும் இடத்துக்கு வழி கேட்கிறார். சின்னம்மாவை ஒரு பெரியவர் காபிக்குச் சர்க்கரை கொண்டுவரச் சொல்கிறார். பெண் வீட்டுக்காரர் ஒருவர், பாவம், நல்லெண்ணத்தில்தான், ரேவதியைக் கூப்பிட்டு “ஏனுங்கம்மணி, மாப்பிள்ளையோட தங்கச்சியக் கொஞ்சம் வரச் சொல்றீங்களா?” என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். ரேவதி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மேடைக்கு வரவே மாட்டேன் என்றுவிட்டாள்.

என்னிடம் மட்டும் யாரும் சர்க்கரை கேட்கவில்லை. சேலம் அத்தை ஒருவர் என் முந்தானையைத் தடவிப் பார்த்து, புதுசா, எந்தக் கடை என்று விசாரித்தார். அவர் மகள் கல்யாணத்துக்கு நான் கட்டியிருந்த சேலை அது! அவருக்கே ஞாபகமில்லை. இத்தனை வருஷமாக யார் நினைவில் வைத்திருப்பார்கள் என்று பயந்து பயந்து நான் புதிது புதிதாக வாங்கிக் குவித்தேன், சொல்லுங்கள்?

மேடையில் சீர் செய்கிற அருமைக்காரர் இணைச்சீருக்குக் கூப்பிட்டார். யாரும் போகவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். சின்னம்மா கையைப் பிசைந்துகொண்டு அறைப் பக்கமும் மேடைப் பக்கமும் பார்த்தார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் நிற்க மனசு பறக்கிறது. ஆனால் கூப்பிடாமல் எப்படிப் போவது?

தம்பி என்னைப் பார்த்துவிட்டான்.

“அக்கா, ஏன் அங்க போயி உக்காந்திருக்கறீங்க? வாங்க” என்றான்.

சின்னம்மா அவன் காதில் என்னமோ சொன்னார். சேலை விஷயம்தான் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அவன் அம்மா பக்கம் திரும்பினான். பிறகு முன் வரிசைக்கெல்லாம் கேட்கிற மாதிரியே சொன்னான்.

“நான் அக்காவத்தானுங்கம்மா கூப்பிட்டேன். சேலையக் கூப்பிடலியே.”

எப்படி மேடை ஏறினேன் என்று தெரியவில்லை. கூறைச்சேலையின் நுனியை அருமைக்காரர் என் கையில் கொடுத்தார். மறு நுனியில் என் தம்பி. கண்ணீர் கன்னத்தில் ஓடுகிறது, துடைக்கவும் முடியவில்லை. கையில் சேலை இருக்கிறதே! கெட்டிமேளத்துக்கு முன்னாலேயே எனக்குள் கெட்டிமேளம் கேட்டது. சின்னம்மா பக்கத்தில் வந்து, என் கொசுவத்தைக் குனிந்து சரிசெய்துவிட்டுப் போனார். அவர் மன்னிப்புக் கேட்கிற விதம் அதுதான்.

சீர் முடிந்ததும் நேராக ரேவதி இருந்த அறைக்குப் போனேன். கண் மை எல்லாம் கரைந்து உட்கார்ந்திருந்தாள். வாசலில் நிற்கும் பிள்ளைகளுக்கு அத்தனை அழகாக இருக்கிற சேலை, உனக்கு மட்டும் எப்படி அசிங்கமாகிவிட்டது என்று கேட்டேன். அவள் யோசித்தாள். பிறகு சிரித்துவிட்டாள். முகம் கழுவிக் கூட்டி வந்தேன். தாலி கட்டும்போது அவள்தான் எனக்குப் பக்கத்தில் நின்றாள். அதே பிஸ்தா பச்சையில். நன்றாகத்தான் இருந்தது அவளுக்கு. அடுத்த விசேஷத்துக்கும் அதையே கட்டப் போவதாக இப்போது குரூப்பில் சவால் விட்டிருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பியும் புதுப்பெண்ணும் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். காரைவிட்டு இறங்கும்போதே பார்த்தேன். கல்யாணக் கூறைச்சேலையைக் கட்டியிருந்தாள் அந்தப் பெண்! அதை முகூர்த்தத்துக்குக் கட்டிவிட்டு, மடித்துப் பீரோவில் பூட்டி, பூச்சி உருண்டை போட்டுப் பாதுகாப்பதுதானே நம் வழக்கம்? நானும் அப்படித்தான் பூட்டி வைத்தேன். வைத்த இடத்திலேயே மடிப்பு விட்டுக் கிழிந்துபோனது.

இலை போட்டுப் பரிமாறினேன். பேச்சு சுவாரசியத்தில் நானே கை தவறி மோர்க்குழம்பை அவள் மடியில் சிந்திவிட்டேன். அதுவும் ஜரிகையிலேயே! பதறிப்போனேன். எங்கள் பக்கம் புருஷனின் அக்காவை நங்கையா என்பார்கள். அந்த முறை சொல்லி அவள் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“உடுங்க நங்கையா, அலசுனாப் போயிருது. அடுத்த வாரமும் இதையேதான் கட்டப் போறேன்.”

இன்னும் இரண்டு கரண்டி குழம்பு ஊற்றினேன். இலையில்தான்!