போல்ட்டில் சுற்றிய கம்பி

எனக்குப் பத்து வயதானபோது எங்கள் வீட்டு வாசற்கதவில் உள்பக்கமாகப் பூட்டு வந்தது. திருடனுக்குப் பயந்து அல்ல, பெரியப்பாவுக்குப் பயந்து. காரைக்குடியில் முப்பது வருடம் மோட்டாருக்கும் ஃபேனுக்கும் காப்பர் கம்பியில் காயில் சுற்றிக் கொடுத்தவர். மறதி நோய் முற்றியதும் கடையை விற்றுவிட்டோம். அது எங்களுக்கு நினைவிருந்தது, அவருக்கு இல்லை. தினமும் காலையில் கடை திறக்கக் கிளம்பிவிடுவார். ஒருமுறை வழி தவறிக் கோவிலூர் வரை போய்விட்டார். அதற்குப் பிறகுதான் பூட்டு. "ஆளுக காத்துக் கிடப்பாக, திறங்க" என்று அவர் கதவைத் தட்டும் சத்தத்தில்தான் நான் வீட்டுப்பாடம் எழுதினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் ஒருமுறை ஓர் அக்கா வரத் தொடங்கினார். ஞாபகம் போனவர்களுக்குக் கைவேலை கொடுத்துப் பழக்குவது அவர் வேலை. முதல் நாள் வண்ண மணிகளும் நூலும் கொண்டுவந்தார். பெரியப்பா ஒரு மணியைக் கோத்தார். இரண்டாவதை உற்றுப் பார்த்தார். பிறகு தட்டோடு தள்ளிவிட்டார்.

"என்னைய என்ன பால்வாடிப் பிள்ளைன்னு நினைச்சீகளா?"

அக்கா கோபப்படவில்லை. மணிகளைப் பொறுக்கிக்கொண்டே, "ஐயா முன்னாடி என்ன வேலை பாத்தாக?" என்று பெரியம்மாவிடம் கேட்டார்.

அடுத்த வாரம் ஒரு மரக்கட்டையும் பழைய காப்பர் கம்பியும் வந்தன. கம்பி கையில் பட்டதும் பெரியப்பாவின் முதுகு நிமிர்ந்தது. பெற்ற மகளின் பெயர் வாயில் வராது. ஆனால் சுற்றின் எண்ணிக்கை பிசகாது. கதவு அமைதியானது.

அந்த அமைதி ஒரு மாதம்கூட இருக்கவில்லை. கெடுத்தவள் நான்தான்.

"இது யாரு மோட்டாருக்கு ஆத்தா?" என்று ஒருநாள் கேட்டார். பொய் சொல்லக்கூடாது என்று பள்ளியில் படித்திருந்தேன்.

"யாருக்கும் இல்ல பெரியப்பா. சும்மா, உங்களுக்காகத்தான்."

அவர் கம்பியைக் கீழே வைத்தார். எழுந்துபோய்க் கதவைத் தட்ட ஆரம்பித்தார்.

பெரியம்மா என்னைத் திட்டித் தீர்த்தார். விஷயத்தைக் கேட்ட அக்கா மட்டும், "பிள்ளை சொன்னது நெசந்தானே? செய்யிறது யாருக்காச்சும் வேணும்ல" என்றார். என் பக்கம் திரும்பி, "ஒனக்கு எதுவும் வேணுமா?" என்றார்.

எனக்கு வேண்டியிருந்தது. பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு மின்காந்தம் செய்ய வேண்டும். ஒரு போல்ட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். பெரியப்பா அரை மணி நேரத்தில் இழைக்கு இழை ஒட்டினாற்போல் சுற்றிக் கொடுத்தார். பேட்டரியை இணைத்தேன். ஒரு குண்டூசிகூட அசையவில்லை. எனக்கு அழுகை வந்தது. அவர் அதை வாங்கிக் கம்பியின் இரண்டு நுனிகளையும் உப்புத்தாளால் தேய்த்தார்.

"கம்பி மேல இருக்குற வார்னிஷ் போகாம கரண்டு எப்புடிப் போகும்?"

மறுபடி இணைத்ததும் குண்டூசிகள் துள்ளி வந்து ஒட்டிக்கொண்டன. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

கண்காட்சியில் வேறு பள்ளி ஆசிரியர் ஒருவர் மார்க் போட வந்தார். போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நீயே சுத்தினியாம்மா?" என்றார்.

"நானேதான் சார்."

சொல்லிவிட்டுத் திரும்பினால், பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பெரியப்பா நிற்கிறார். எனக்குக் காது சுட்டது. அவர் முன்னால் வந்து போல்ட்டைக் கையில் எடுத்தார். சுற்றின்மேல் நகத்தை மெல்ல ஓட்டினார்.

"பிள்ளை நெருக்கமாச் சுத்தியிருக்கு சார். நம்ம கடைக்கு வேலைக்கு எடுத்துக்கிருவேன்."

அப்பாடா, மறந்துவிட்டார் என்று மூச்சு வந்தது. எல்லோரும் சபித்த அந்த நோய்க்கு நான் மட்டும் மனதுக்குள் நன்றி சொன்னேன்.

வீடு திரும்பும்போது அவர் என் வலது கையை எடுத்து விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவினார். கம்பியை இழுத்துச் சுற்றினால் விரலில் கோடு கோடாக அறுத்திருக்கும். அவர் விரல்களில் அது இருந்தது. என் விரல்களில் மசி மட்டும் இருந்தது. கையை விடாமல் நடந்தார்.

ரோட்டைக் கடக்கப் பயந்து பிடித்திருக்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.