கூட்டத்துக்குப் பின்னால் ஓடியவள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கியிருக்கிறேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு, இன்றைக்கு எழுதியே தீருவது என்று உட்காருவேன். ரெண்டு வரி ஓடும். உடனே, நான் எழுதுகிற இந்த ஆள் நாளைக்கு மலைக்கோயில் படிக்கட்டில் எதிரே வந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எழுந்துவிடுவேன். இதில் வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் இன்னும் ஓசூரைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். அதனால் யார் பெயரையும் சொல்லப்போவதில்லை. ஆனால் எரிச்சலை மறைத்து எழுத எனக்கு வராது. அது இன்னும் அடங்கவில்லை.

நினைத்தால் முதலில் கண்ணில் நிற்பது ஒரு ஆரஞ்சு நிறச் சட்டை. கையில்லாதது, நெஞ்சிலும் முதுகிலும் வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டை ஒட்டியது. ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், நீள மேசைகளுக்கு நடுவே நின்று, பயிற்சி கொடுக்க வந்த மேடம் அதைப் பையிலிருந்து எடுத்து உயர்த்திக் காட்டினார். "இது ரொம்ப முக்கியமான பொறுப்பு, பாத்துக்கிடுங்க. எல்லாருக்கும் கடைசியில ஓடி வாறவங்க போடுற சட்டை. அவங்களுக்கு ஸ்வீப்பர்னு பேரு" என்றார். கூடத்தில் ஒரு சத்தம் இல்லை. மேடம் நாங்கள் கவனமாகக் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

எங்கள் ஓட்டச் சங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, நடந்தால் போதாது, மெதுவாக ஓடுங்கள் என்று டாக்டர் சொன்னார். தனியாக ஓடக் கூச்சமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரையில் ஒரு கூட்டம் சேர்ந்து ஓடுவதாக என் வீட்டுக்காரர் சொன்னார். சேர்ந்துகொண்டேன். கம்பெனி ஆட்கள், கடைக்காரர்கள், என்னைப் போல வீட்டுப் பெண்கள் என்று எல்லாரும் இருந்தோம். கட்டணம் கிடையாது, சம்பளக்காரர் யாரும் கிடையாது. கூட்டம் பெருகியதும், இதை ஒழுங்காக நடத்தத் தெரிந்த தொண்டர்கள் வேண்டும் என்று பெங்களூரில் இருந்த தாய்ச் சங்கம் இந்த மேடத்தை அனுப்பியது. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், பெங்களூரில் வேலை, என்னைவிடச் சின்னவர். சனிக்கிழமைதோறும் தன் செலவில் பஸ் ஏறி வந்தார். அதைச் சொல்லாமல் அவரைக் குறை சொன்னால் பாவம் வரும்.

ஆனால் எங்கள் ஊர் ஆண்களுக்குத் தலைமைப் பயிற்சி கொடுப்பது இருக்கிறதே! எல்லாருக்கும் முன்னால் ஓட வேண்டும். முதுகில் 'லீடர்' என்று அச்சடித்த பனியன் வேண்டும். நடுவில் ஓடிக் களைத்தவர்களைத் தட்டிக்கொடுத்து அழைத்து வருவதும் தலைமைதான் என்று மேடம் வாரா வாரம் சொல்வார். எல்லாரும் தலையாட்டுவார்கள். கேள்வி உண்டா என்று கேட்டால், "பனியன் எப்போ மேடம் வரும்?" என்பார்கள். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கும்.

அந்தச் சட்டை வந்த அன்றைக்கு முதலில் வாயைத் திறந்தவர் சூப்பர்வைசர். சிப்காட்டில் பெரிய கம்பெனியில் இருந்ததால் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். "இன்னா மேடம், கடைசீல எங்கள ஸ்வீப்பரு ஆக்கிட்டீங்கோ? வீட்ல சொன்னா சிரிப்பாங்கோ."

"பேருல என்ன சார் இருக்கு? பெங்களூர்ல இதுக்குப் போட்டி போடுதாங்க."

"அங்க போடுவாங்கோ. இங்க இந்தச் சட்டைய போட்டுக்கினு ரோட்ல போனா, எங்க தெருவுக்கு ஏன் வண்டி வரலன்னு குப்பைக்கூடைய தூக்கிக்கினு வந்துடுவாங்கோ."

எல்லாரும் சிரித்தார்கள். டயர் கடை வைத்திருக்கும் பாய் மட்டும், "கடைசியில வர்றதுக்கு எனக்கு எதுக்கு மேடம் ட்ரெயினிங்? என் தொப்பையே என்னை அங்கதான் இழுத்துக்கினு வருது" என்று பேச்சை மாற்றப் பார்த்தார். பேச்சு மாறவில்லை. மேடத்துக்கு அந்த வார்த்தை இந்த ஊரில் எங்கே போய்க் குத்தும் என்று தெரியவில்லை. எங்களுக்குத் தெரியும். ஏனென்றால் கடைசி மேசையில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

நான் அவளைத் தங்கச்சி என்று கூப்பிடுவேன். சர்க்யூட் போர்டு செய்கிற கம்பெனியில் வேலை. பள்ளிக்கூடத்தில் மாவட்ட அளவில் ஓடியவள். எங்கள் கூட்டத்தில் ஆண் பெண் எல்லாரையும்விட வேகம். அவளுடைய அம்மா மாநகராட்சியில் தெருக் கூட்டுகிறவர். அதே நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு, நாங்கள் ஓடக் கிளம்புகிற நேரத்தில் ஏரிக்கரையைக் கூட்டிக்கொண்டிருப்பார். அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் சிரித்தார்கள்.

தங்கச்சி எழுந்து வந்தாள். "எங்கம்மா போடுற சட்டதானே, எனக்கு இன்னா வெக்கம்? குடுங்க மேடம்" என்று வாங்கிப் போட்டுக்கொண்டாள். மேடம் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். வேறு வழி இல்லாமல் நானும் தட்டினேன்.

ஒரு நாளைக்கு என்றுதான் அவள் எழுந்தாள். அடுத்த ஞாயிறும் சட்டை அவளிடமே போனது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். முறை வைத்து மாற்ற வேண்டும் என்று மேடம் சொல்லித்தான் வைத்திருந்தார். ஆனால் ஞாயிறு காலையில் ஒருவருக்கு முட்டி வலி, ஒருவருக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும், ஒருவருக்கு மச்சினர் வந்திருக்கிறார். "அந்தப் பொண்ணு நல்லா செய்யுது, விடுங்கோ" என்பார்கள். மான் மாதிரி ஓடக்கூடியவள், மூச்சு வாங்கிக்கொண்டு நடக்கிறவர்களுக்குப் பின்னால் காலை இழுத்து இழுத்து வருவாள். மேடத்திடம் சொன்னேன். "அவங்களே விருப்பப்பட்டுச் செய்யுதாங்கல்லா, அக்கா?" என்றார். படித்தவர்களுக்கு ஒரு கேள்வி கேட்டுப் பதில் வந்துவிட்டால் போதும்!

அப்புறம் அந்த ஞாயிறு வந்தது. ஜூஜுவாடிப் பக்கம் சர்வீஸ் ரோட்டில் போய்த் திரும்புகிற ஓட்டம். கர்நாடக எல்லை நெருங்குவதால் லாரி ஓயாது. அன்றைக்கு சூப்பர்வைசருக்கு முதல்நாள் ஷிப்ட் அலுப்பு, பின்தங்கிவிட்டார். நடுவில் யார் கண்ணிலும் படாமல் ஒரு டீக்கடை ஓரம் ஒதுங்கினார். அங்கிருந்தே ஷேர் ஆட்டோ ஏறி வீட்டுக்குப் போய், குளித்துச் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. செல்போனையும் அணைத்துவிட்டார்.

தங்கச்சிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது ஒன்றுதான்: உனக்கு முன்னால் போனவர் ஒருவரையும் விட்டுவிட்டு வராதே. அவள் விடவில்லை. அவரைக் காணோம் என்றதும் திரும்பி நடந்திருக்கிறாள். பஞ்சர் கடையிலும் பெட்டிக்கடையிலும் தமிழில் கேட்டு, கன்னடத்தில் கேட்டு, லாரி அடித்துப் போட்டிருக்குமோ என்று சாக்கடை ஓரமெல்லாம் எட்டிப் பார்த்திருக்கிறாள். கையில் செல்போன் இல்லை. ஓடும்போது ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துவிடுவது அவள் வழக்கம். நாங்கள் ஏரிக்கரையில் சுண்டல் தின்று, படம் பிடித்துக்கொண்டு கலைந்துவிட்டோம். எல்லாரும் வந்து சேர்ந்தார்களா என்று பார்க்க வேண்டியவள் அவள். அவள் வந்து சேர்ந்தாளா என்று பார்க்க ஒருவரையும் வைக்கவில்லை.

நான் மலைக்கோயிலுக்குப் போய்விட்டு இறங்கி வரும்போது வெயில் ஏறியிருந்தது. ஏரிக்கரையில் அவள் ஸ்கூட்டர் மட்டும் நின்றது. பாய்க்குப் போன் போட்டேன். கடையை அப்படியே விட்டுவிட்டு வண்டியில் ஓடி வந்தார். ரெண்டு பேரும் தேடிப் போனோம். எல்லைக்குக் கொஞ்சம் முன்னால், உதடு வெடித்து, அந்த ஆரஞ்சுச் சட்டையோடு நடந்துகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "சூப்பர்வைசரண்ணன் கெடச்சாரா?"

அடுத்த சனிக்கிழமை கூடத்தில் பஞ்சாயத்து நடந்தது. சூப்பர்வைசர் மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். "நான் இன்னா சின்னக் கொழந்தயா, தேடறதுக்கு? கடைசீல வர்றது அதோட வேல, வந்துது" என்றார். மேடம் பலகையில் 'தகவல் பரிமாற்றம்' என்று எழுதி அடிக்கோடு போட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தில் பேசாதவள் எழுந்துவிட்டேன்.

"தேர்த் திருவிழாவுல சாமி புறப்பாடு பாத்திருக்கீங்களா எல்லாரும்? முன்னாடி பிள்ளையார் போவாரு, முருகன் போவாரு, சாமி, அம்மன் போவாங்க. எல்லாருக்கும் கடைசில வர்றது யாரு? சண்டிகேசர். அவரு உள்ள வராம கோயில் கதவ சாத்துவாங்களா? நீங்க சாத்திட்டுப் போனீங்களே! இந்தப் பொண்ணு நமக்குச் சண்டிகேசர் மாதிரி" என்றேன். சொல்லும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடத்தில் ஒரு அசைவு வந்தது. ரெண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சூப்பர்வைசர்கூட, "அக்கா சொல்றது வாஸ்தவம்தான். இனிமே நீ எங்களுக்குச் சண்டிகேசர்மா" என்று கைகூப்பினார். மேடத்துக்கு முகம் மலர்ந்தது. ஸ்வீப்பர் என்ற வார்த்தைக்கு நல்ல மாற்று கிடைத்துவிட்டது அல்லவா.

தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். கோபமாகக்கூட இல்லை. "அக்கா, சாமின்னு சொல்லி என்னைய பின்னாடியே நிறுத்தி வெச்சிடாதீங்கோ. எனக்கு முன்னாடி ஓடணும். அதுக்குத்தான் இந்த ட்ரெயினிங்குக்கு வந்தேன்."

பையிலிருந்து அந்த ஆரஞ்சுச் சட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். மேடம் பலகையை அழித்துவிட்டு, "நாளைக்கு முன்னாடி அவங்க போவாங்க. பின்னாடி நான்" என்றார். முன்னால் போகிற யாரும் முதலில் பின்னால் ஓடியிருக்க வேண்டும் என்று அன்றே விதி வைத்தார். அடுத்த நாள் ஓட்டத்துக்குப் பாதிப் பேர் வரவில்லை. சூப்பர்வைசரும் வரவில்லை. வந்தவர்கள் தங்கச்சியின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திட்டிக்கொண்டே ஓடினோம். பாய், "சண்டிகேசரா இருந்தப்போ நல்லா இருந்துது, இப்போ நம்ம உயிர எடுக்குது இந்தப் பொண்ணு" என்றார். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தது, அத்தனை மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு.

இப்போது அவள் கல்யாணமாகி சூளகிரிப் பக்கம் இருக்கிறாள். அங்கே புதுத் தொழிற்பேட்டைப் பெண்களைச் சேர்த்து அவளே ஒரு கூட்டம் நடத்துகிறாள், அவளே பயிற்சியும் கொடுக்கிறாள். மேடம் வேலை மாற்றலாகி வடக்கே போய்விட்டார். அவர் வைத்த விதி அவரோடு போய்விட்டது. சூப்பர்வைசர் திரும்பி வந்து, இப்போது சங்கத் தலைவர்.

சமீபத்தில் சங்கத்தின் ஆண்டு விழா நடந்தது. தலைவர் மேடையில் இந்தக் கதையைச் சொன்னார். ஓடிப்போய்த் தூங்கியது தான்தான் என்பதைச் சொல்லவில்லை. ஒரு தங்கச்சி வெயிலில் நடந்து தேடியது, ஒரு அக்கா எழுந்து சண்டிகேசர் என்று சொன்னது, எல்லாரும் கண் கலங்கியது. அதோடு கதை முடிந்துவிட்டது. கைதட்டல் ஓயவில்லை. 'சண்டிகேசர் விருது' என்று சால்வை போட்டார்கள், ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிற பெண்ணுக்கு. மூன்று மாதமாக அவள்தான் பின்னால் ஓடுகிறாளாம். அந்தப் பேச்சை யாரோ எழுதிப் போட, வாட்ஸ்அப்பில் சுற்றி என் மகள் வழியாக எனக்கே வந்தது, 'படித்ததில் நெகிழ்ந்தது' என்று மேலே போட்டு.

ஈசுவரா, நான் சொன்ன வார்த்தையை வைத்தே கதவைச் சாத்திவிட்டார்களே என்று அன்றைக்கு மறுபடியும் எழுத உட்கார்ந்தேன். இந்த முறை எழவில்லை. படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். நீளமாக இருக்கிறது, சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் சண்டிகேசரை விட்டுவிடுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவள் சொன்ன பதிலை விட்டுவிடாதீர்கள்.