ஒரே தடவையில் எடுத்தவள்

குழந்தைகளுக்கு ஸ்கேன் எடுக்கும் அறையில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவளுக்கு ஆஸ்பத்திரி முழுக்க ஒரே பெயர்தான்: சிடுமூஞ்சி. அவள் காதிலும் விழும். கண்டுகொள்ள மாட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளும் குழந்தைகளைக் கொஞ்சத்தான் செய்தாள். தலையில் அடிபட்டு வந்த மூன்று வயதுப் பெண் ஒருத்தி நெளிந்துகொண்டே இருந்ததில் படம் கலங்கிக் கலங்கி, நான்காவது தடவைதான் தெளிவாக வந்தது. அன்றைக்குக் கதிர்வீச்சைக் கண்காணிக்கும் அதிகாரி கூப்பிட்டனுப்பினார்.

"ஒரு படத்துக்காக நாலு படத்துக் கதிர வாங்கிட்டுப் போயிருக்கும்மா அந்தக் குழந்தை. சின்ன உடம்பு, வாழ வேண்டிய வருஷம் நிறைய. ஒண்ணும் ஆகாமலும் போகலாம். இருபது வருஷம் கழிச்சுப் புற்று வந்தாலும், இதனாலதான்னு யாரும் உன்னக் கேக்கப் போறதில்ல."

யாரும் கேட்கப் போவதில்லை என்பதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

அதோடு கொஞ்சல் நின்றது. பெற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, வாரை இறுக்கி, குழந்தையின் காதருகே குனிவாள். "அசைஞ்சா அம்மா திரும்பி வரமாட்டா." குழந்தை கட்டையாகிவிடும். ஒரே தடவை, படம் பளிச்சென்று இருக்கும்.

ஒருநாள் நாலு வயதுப் பையன் பயத்தில் படுக்கையை நனைத்துவிட்டான். அவன் அம்மா ஈரக் கால்சட்டையோடு அவனை மேலாளர் அறைக்கே தூக்கிப் போனாள். "இவளெல்லாம் ஒரு பொம்பளையா?"

"படம் நல்லா வந்தா போதுமா? உங்களுக்குச் சிரிக்கவே தெரியலையே" என்று மேலாளர் அவளைக் கீழ்த்தள ரெக்கார்ட் அறைக்குத் தள்ளினார். அவள் இடத்துக்குப் பாட்டுப் பாடும் புதுப்பெண் வந்தாள். அம்மாக்கள் கொண்டாடினார்கள். கீழே வந்த அறிக்கைகளில் இரண்டு தடவை, மூன்று தடவை என்றிருந்தது. அவற்றை மேலாளரிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

"புகார் ஒண்ணுகூட வரலையே" என்றார் அவர்.

அந்த வருஷமே அவள் தம்பியின் ஐந்து வயது மகள் ஊஞ்சலிலிருந்து விழுந்து, வாந்தியும் மயக்கமுமாக வந்து சேர்ந்தாள். தலை ஸ்கேன் அவசியம்தான்.

"நான் எடுக்கறேன்டா. கேட்டா விடுவாங்க."

"வேண்டாம்க்கா. உன்னப் பத்தி ஊரே பேசுது. புள்ள பயந்துக்கும்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. மறுபடி எரிந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது: "இன்னும் ஒரே ஒரு தடவை, தங்கம்!" அவள் எழுந்து கதவில் கைவைத்தாள். தம்பி மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். விளக்கு மூன்றாவது முறையும் எரிந்தது.

குழந்தை புதுப்பெண்ணின் தோளில் சாய்ந்தபடி வந்தது. தலைக்குள் ஒன்றுமில்லையாம். அத்தையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பாத்தியா, அழவே இல்ல" என்றான் தம்பி.

"மூணு தடவை எடுத்தாங்கடா."

"அதுக்கென்னக்கா? எவ்வளவு பொறுமையா எடுத்தாங்க!"

சாயங்காலம் அந்த அறிக்கையும் மற்றவற்றோடு கீழே வந்தது. அவள் எண் குறித்து அடுக்கில் செருகினாள்.