எஞ்சின் ஆறும் வரை

அன்று மாலை வேலை முடிந்து சூசை என்னை என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய் வெகுநேரம் ஆகியிருக்கவில்லை. குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. அவர் மனைவி லூர்துமேரி. தூங்கும் பிள்ளையை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல் தாழ்ந்த குரலில் பேசினார்.

"அண்ணே, இவரு காருக்குள்ளயே சாஞ்சிருக்காரு. கூப்பிட்டா அசையல. எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கு. நிறுத்தலாமாண்ணே?"

பாரோயில் எங்கள் வீடுகள் அடுத்தடுத்த தெருக்களில்தான் இருக்கின்றன. ஈரத் தலையோடு ஓடினேன். வாசல் கூரைக்கடியில் கார் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. சன்னல் கண்ணாடி முழுக்க இறங்கியிருந்தது. சூசையின் தலை அந்தப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தது நான்தான். மாரடைப்பு என்றார் டாக்டர். வந்த கணத்திலேயே முடிந்திருக்கும், பக்கத்தில் யார் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றும் சொன்னார்.

கணவன் மயங்கிக் கிடக்கும்போது எஞ்சினை நிறுத்தலாமா என்று ஒருத்தி அனுமதி கேட்பாளா என்று துக்கத்துக்கு வந்த சிலர் வியந்தார்கள். சூசையைத் தெரிந்தவர்கள் வியக்கவில்லை. தெரியாதவர்களுக்காக அந்தக் காரின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

லாபு பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் நான் எடைமேடைக் கிராணி. தோட்டங்களிலிருந்து குலை ஏற்றி வரும் லோரிகளுக்கு எடை போடுவது என் வேலை. லோரி கொட்டிய குலைகளில் எது பழம், எது காய் என்று பார்த்துப் பிரிப்பது சூசையின் வேலை. காயாக வெட்டி அனுப்பிய குலையைக் கண்டால் மற்றவர்கள் தோட்டத்துக்காரனைத் திட்டுவார்கள். சூசை குனிந்து அந்தக் குலையைத் தட்டிக்கொடுப்பார். "அவசரப்பட்டுட்டாங்கடா உன்ன" என்பார். ஒரு குலையோடு பேசும் மனிதரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அவருடைய கார் எங்கள் இருவரின் கல்யாணத்துக்கும் மூத்த ஜப்பான் கார். காலையில் அதில்தான் இருவரும் வேலைக்குப் போவோம். வழியில் இருபுறமும் பழைய ரப்பர் மரங்கள் நிற்கும் நீண்ட மேடு ஒன்று உண்டு. அந்த மேட்டில் தினமும் ஏதாவதொரு குலை லோரி எங்களுக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருக்கும். முந்துவதற்குக் காருக்குத் தெம்பு கிடையாது. பனிமூட்டத்துக்குள் அந்த லோரியின் பின்விளக்கையே பார்த்தபடி, பாதித் தூக்கத்தில் போவேன். எனக்கு அது சுகமாகத்தான் இருந்தது. சூசைக்குப் பொறுக்கவில்லை.

"பகலெல்லாம் குலையத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறேன். வழியிலயும் குலைக்குப் பின்னாலதான் போவணுமா?"

"வேற கார் எடுத்தா போச்சு" என்றேன்.

"இதுக்கு என்னாலா குறைச்சல்? மூச்சு பத்தல, அவ்வளவுதான்."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, பெசி புரோ என்கிற பழைய இரும்புக் கடைக்குப் போய்க் குவியலிலிருந்து ஒரு டர்போவைத் தூக்கிக்கொண்டு வந்தார். உடைந்துபோன ஏதோ டீசல் வேனிலிருந்து கழற்றியது. நத்தை ஓடுபோல் சுருண்டு, துருவும் கரியுமாக இருந்தது. எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது, சொல்லவும் செய்தேன். அவர் கோபப்படவில்லை. அதன் நடுவே இருந்த சின்னச் சக்கரத்தை விரலால் சுழற்றிக் காட்டினார். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு பக்கம் அந்தச் சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டில் மறுபக்கம் இருக்கும் சக்கரமும் சுற்றி, வெளிக்காற்றை எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளும். கூடுதல் காற்று, கூடுதல் தெம்பு.

"வெளிய போற மூச்சு சும்மாதானே போவுது? அதுக்கும் ஒரு வேலை குடுப்போம்லா" என்றார்.

பிறகு வந்த விடுமுறை நாட்களெல்லாம் அந்த வாசல் கூரைக்கடியில் கழிந்தன. பிஸ்கட் அட்டைப்பெட்டியை வெட்டி அளவெடுப்பார், அதே அளவில் இரும்புத் தகட்டை வெட்டுவார், குழாயை வளைத்து வெல்டிங் வைப்பார், பொருந்தாது, மறுபடி வெட்டுவார். என் பங்குக்கு டார்ச் பிடித்தேன், குறை சொன்னேன். உள்ளே லூர்து சமைத்தபடி பாடிக்கொண்டிருப்பார். பூசைப் பாட்டு பாதியில் பழைய சினிமாப் பாட்டாக மாறும், அது மறுபடி பூசைப் பாட்டில் போய் முடியும். வெயில் இறங்கும்வரை அந்தக் குரலும் அரம் ராவும் சத்தமும் சேர்ந்து கேட்டுக்கொண்டிருக்கும். அந்த ஞாயிறுகள் எங்கே தொடங்கி எங்கே முடிந்தன என்று இப்போது எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

முதல் ஓட்டம் சிரிப்பாய்ச் சிரித்தது. டர்போவுக்குப் போன எண்ணெய் திரும்பி எஞ்சினின் அடித்தொட்டிக்குத் தானாக வழிந்து இறங்க வேண்டும். சூசை போட்ட குழாய் நடுவில் கொஞ்சம் மேடேறி இறங்கியது. எண்ணெய் இறங்க வழியில்லாமல் புகைபோக்கிக்குள் கசிந்துவிட்டது. தெருமுனை தாண்டுவதற்குள் பின்னால் ஒரே வெண்புகை. டெங்கிக் கொசுவுக்கு மருந்தடிக்க வந்துவிட்டார்கள் என்று தெரு முழுக்கப் படபடவென்று சன்னல்களைச் சாத்தினார்கள். கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். சூசை காரை நிறுத்தி இறங்கி, அந்தப் புகைக்குள் நின்று சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. அவர் உருவமே தெரியவில்லை, சிரிப்பு மட்டும் வந்தது.

குழாயை மாற்றிய பிறகு ஒரு காலை அந்த மேட்டுக்குப் போனோம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாக வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். "மாதா கோவிச்சுக்க மாட்டாங்க, வை" என்று அவரும் விட்டுவிட்டார். வழக்கம்போல் முன்னால் குலை லோரி. எதிரே சாலை வெறுமையாகக் கிடந்தது. சூசை மிதியை அழுத்தினார். எஞ்சினுக்குள்ளிருந்து மெல்லிய விசில் ஒன்று கிளம்பி உயர்ந்தது. கார் மேட்டில் எழும்பியது. லோரி பக்கவாட்டில் நழுவிப் பின்னால் போனது. பனிக்குள் ரப்பர் மரங்கள் மட்டும் எதிரே வந்துகொண்டிருந்தன. மேட்டின் உச்சியில் அவர் வேகத்தைக் குறைத்து, "போதும், ஆசை தீந்துச்சு" என்றார். அதற்குப் பிறகு அவசியமில்லாமல் அவர் அந்தக் காரை விரட்டியதே இல்லை.

ஆனால் ஒரு விதி மட்டும் மாறவில்லை. டர்போ வைத்த எஞ்சினை ஓடி வந்தவுடன் அணைக்கக் கூடாது. அணைத்தால் எண்ணெய் ஓட்டம் நின்று, கொதிக்கும் தண்டிலேயே எண்ணெய் கருகிவிடும். கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு ஆறவைக்க வேண்டும். "ஓடி வந்தவன உடனே படுன்னா எப்படி? மூச்சு வாங்கட்டும்" என்பார். லூர்துவுக்கும் இதைச் சொல்லிச் சொல்லிப் பதியவைத்திருந்தார். மாலையில் எஞ்சின் சத்தம் கேட்டால் மனிதர் வந்துவிட்டார், ஆறவைக்கிறார் என்று வீட்டில் அர்த்தம். யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

ஒருமுறை அவரோடு அவர் வீட்டுக்கே போயிருந்தேன். கார் நின்று வெகுநேரமாகியும் அவர் இறங்கவில்லை. எஞ்சின் எப்போதோ ஆறியிருக்கும். கண்ணாடியை இறக்கிவிட்டுச் சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இறங்கலையா?"

"சத்தம் போடாதலா. லூர்து பாடுறா. நான் உள்ள போனா வெக்கப்பட்டு நிறுத்திடுவா. இத்தன வருசத்துல எம் முன்னால ஒரு பாட்டு முழுசா பாடினதில்ல."

"அப்ப டர்போ ஆறறது?"

"அது அப்பவே ஆறிடுச்சு" என்று சிரித்தார். "அவகிட்ட மட்டும் சொல்லிடாத."

சொல்லவில்லை. முப்பதாம் நாள் பூசை வரைக்கும் காப்பாற்றினேன்.

பூசை முடிந்து வந்தவர்கள் சாப்பிட்டுப் போனபின் லூர்து என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். ஒரு மாதமாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை, யாரிடமும் பேசவில்லை. டாக்டர் சொன்னதை மறுபடி சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினார்.

"அது தெரியும்ணே. அன்னைக்கு எஞ்சின் சத்தம் கேட்டுச்சு. ஆறவைக்கிறாருன்னு நெனச்சேன். அவரு அங்க போய்க்கிட்டிருக்காரு, நான் இங்க பாடிக்கிட்டிருந்தேன். அத நெனச்சாதான் எனக்கு வாயே தொறக்க மாட்டேங்குது. கோயில்லயும் பாட முடியல."

சூசைக்குக் கொடுத்த வாக்கை அப்போதுதான் மீறினேன். கண்ணாடியை ஏன் இறக்குவார், யாருக்காக உட்கார்ந்திருப்பார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கும் கண்ணாடி இறங்கியிருந்ததைச் சொன்னேன். லூர்து திரும்பி வாசலில் நின்ற காரைப் பார்த்தார்.

"பாவி மனுசன். உள்ள வந்து கேட்டா என்ன?" என்றார். பிறகுதான் அழுதார். அந்த ஒரு மாதத்தில் அவர் வாய்விட்டு அழுது நான் அன்றுதான் பார்த்தேன்.

சூசையிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் நான் உடனே இறங்குவதில்லை. என் காரில் டர்போ கிடையாது. ஆறவைக்க ஒன்றுமில்லை. இருந்தாலும் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே என் மனைவி யாரோடோ தொலைபேசியில் சிரிப்பதும், குழாயில் தண்ணீர் விழுவதும் கேட்கின்றன. இத்தனை வருடம் நான் நேராக உள்ளே நுழைந்து, அந்த வீட்டைக் கேட்காமலே இருந்திருக்கிறேன்.

அவருடைய காரை விற்க லூர்துவுக்கு மனமில்லை. சும்மா நின்றால் பேட்டரி செத்துவிடும் என்று சனிக்கிழமைகளில் போய்க் கிளப்பிவிடுகிறேன். போன சனிக்கிழமை தெருவை ஒரு சுற்று சுற்றிவந்து கூரைக்கடியில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் பாத்திரச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு பாட்டு தொடங்கியது. பாதியில் ஒருமுறை உடைந்து நின்றது. நான் அங்கே இருப்பது தெரிந்தும் மறுபடி தொடர்ந்து, கடைசி வரி வரைக்கும் போனது. கொஞ்சம் பொறுத்து, சாவியில் கைவைத்துக்கொண்டு சன்னல் வழியாகக் கேட்டேன்.

"நிறுத்தலாமா, தங்கச்சி?"

"இருங்கண்ணே" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "இன்னும் ஒரு பாட்டு இருக்கு."