செருப்பு விட்ட இடம்

நேற்று பாண்டி பஜாரில் ஒரு கடையைக் கடந்தேன். ஏலக்காய் போட்டுக் காப்பிக்கொட்டை அரைத்துக்கொண்டிருந்தார்கள். வாசனை மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். நிற்கிற ஆள் இல்லை நான். மீன் வண்டி ஓட்டினவன். ஐஸ் உருகுவதற்குள் போய்ச் சேரவேண்டும் என்றே பழகிப்போனது.

அந்த வாசனை எருசலேம் சந்தில் அடித்தது. நானும் எருசலேம் போனவன்தான், நம்புங்கள். குவைத்தில் இருக்கும் மகள் அனுப்பி வைத்தாள். சாந்தோமிலிருந்து ஒரு கூட்டம் போனோம். பங்கு ஃபாதர், நான், என் மனைவி ஸ்டெல்லா, இன்னும் கொஞ்சம் பேர்.

ஊரைப் பற்றி என்ன சொல்ல? ரங்கநாதன் தெருவுக்குக் கல்லால் கூரை போட்டு, நடுநடுவே படி வைத்தால் அதுதான். பெரிய பெரிய கல்லாக ஒரு சுவர், யூதர்களுடையது என்றார்கள். அதற்கு மேலே தெரிகிற தங்கக் கும்மட்டம் முஸ்லிம்களுடையது. கொஞ்சம் சந்து தள்ளி நம் ஆண்டவரின் கல்லறைக் கோவில். மணியும் பாங்கும் ஒன்றாகக் கேட்டது. எது முடிந்து எது தொடங்குகிறது என்று எனக்குப் புரியவில்லை. நின்று பார்க்கப் பொறுமையும் இல்லை.

கோவில் வாசலில் ஸ்டெல்லா செருப்பைக் கழற்றினாள். நம் வழக்கம். அங்கே வேறு யாரும் கழற்றவில்லை.

"வேணாம்மா, இங்க தேவையில்ல," என்றார் ஃபாதர்.

"இருக்கட்டும் ஃபாதர். அவரு ஊட்டுக்கே வந்துட்டு செருப்போட போவனா?"

வெளியே வந்ததும் வழக்கம்போல நான் முன்னால் நடந்தேன். பஸ் நிற்கும் இடம் வந்து திரும்பினால் அவள் இல்லை. அவள் பாஸ்போர்ட் என் இடுப்புப் பையில். அவளிடம் போன் கிடையாது. தமிழ் தவிர ஒரு சொல் தெரியாது.

ஓடினேன். கோவில் வாசலில் இல்லை. கறுப்புத் தொப்பிக்காரர்கள் ஆடி ஆடி ஜெபிக்கிற சுவரடியிலும் இல்லை. "ஸ்டெல்லா!" என்று கத்தினேன். துப்பாக்கி வைத்திருந்த சிப்பாய் முறைத்தான். எந்த வளைவுக்குள் நுழைந்தாலும் முன்பே வந்த மாதிரி இருந்தது.

கடைசியில் ஒரு காப்பிக்கடை, பக்கத்தில் சின்ன மசூதி. வாசலில் குவியலாகச் செருப்பு. பக்கத்துப் படியில், மீன் கூடை முன்னால் உட்காருகிற மாதிரி, ஸ்டெல்லா. அவள் செருப்பும் அந்தக் குவியலில் இருந்தது.

"அறிவு கீதா உனக்கு? இங்க இன்னா பண்ற?"

"கத்தாத, உள்ள தொழுவுறாங்க. பெசன்ட் நகர் மாதா திருவிழாவுல நீ இன்னா சொல்லுவ? தொலைஞ்சா செருப்பு வுட்ட எடத்துல நில்லுன்னு. கோயில்ல நிக்க வுடாம தள்ளிட்டாங்க. சுத்திச் சுத்தி வந்தேன், இங்கதான் செருப்பு கழட்டி வச்சிக்கீறாங்க."

"நான் வரலன்னா?"

"வராம எங்க போவ? பாய் காப்பி குட்த்தாரு. உனக்கும் கேக்கவா?"

பாய் என்றது அந்த அரபுக் கடைக்காரரை. இரண்டு பேரும் எந்த மொழியில் பேசினார்களோ.

அதற்குப் பிறகு கூட்டம் என்றால் ஸ்டெல்லா என் சட்டையின் பின்நுனியைப் பிடித்துக்கொள்வாள். மாம்பலம் ஸ்டேஷன், தேர் பவனி, எங்கேயும். "மாடு மாதிரி இழுத்துகினு போறியே," என்று திட்டுவாள். பிடியை விடமாட்டாள். என் சட்டையெல்லாம் ஒரு பக்கம் கசங்கியே இருக்கும். தேய்க்கிறவர்கூடக் கேலி செய்வார்.

போன மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள். காலையில் தேய்த்துப் போட்ட சட்டை சாயங்காலம் வரை அப்படியே இருக்கிறது.