துணியில் ஏறிய சாம்பிராணி

பால் குடித்துக்கொண்டிருந்தவன் நடுவில் வாயை எடுத்து எடுத்து மூச்சு வாங்கினான். அதுதான் முதல் அறிகுறி. எனக்கு அது நோய் என்று தெரியவில்லை. வயிறு நிறைந்துவிட்டது என்று நினைத்துப் படுக்கவைத்தேன். அவனுக்கு அப்போது இரண்டு மாதம்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். கைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் புத்தூருக்குப் பக்கம். எந்த ஊர் ஆந்திராவோடு, எந்த ஊர் மதராசோடு என்று எல்லை பிரித்துக்கொண்டிருந்த காலம். ஆண்கள் கூட்டம், மனு என்று அலைந்தார்கள். ஐப்பசி மழை விடவில்லை. பிள்ளைத் துணி ஒன்றும் காயவில்லை.

அதற்கு எங்கள் வீடுகளில் ஒரு வழி உண்டு. பிள்ளை பெற்றவள் இருக்கும் அறையில் தணல் சட்டி வைத்து, அதன்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, ஈரத்துணிகளைப் பரப்பி, தணலில் சாம்பிராணி போடுவோம். துணியும் காயும், மணமும் ஏறும். குளிப்பாட்டிய பிள்ளையையும் அந்தப் புகையில் காட்டுவோம். குளிர்காற்று படக்கூடாது என்று சன்னலைச் சாக்கால் அடைத்திருந்தோம்.

இருமல் வந்ததும் என் மாமியார் சாம்பிராணியைக் கூடுதலாகப் போட்டார்.

“சளி கரைஞ்சிடும் பாரு. உன் புருசனையும் இப்டித்தான் வளத்தேன். எருமக்கடா மாரி சுத்திக்கினு இருக்கான் இல்ல?” என்றார். நான் சிரித்தேன்.

மூன்றாம் நாள், மூச்சு விடும்போதெல்லாம் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தது. திருப்பதிக்கு பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். நிமோனியா (நுரையீரலில் சளி கட்டி மூச்சு அடைப்பது) என்றார். பென்சிலின் (கிருமியைக் கொல்லும் மருந்து) ஊசி போட்டார்கள்.

“வீட்ல பொகை இருக்காம்மா?” என்று என்னைக் கேட்டார்.

“இல்லீங்க. அடுப்பு வெளிய கொட்டாய்லங்க.”

பொய் சொல்லவில்லை. சாம்பிராணி என் நினைவுக்கே வரவில்லை. சாமிக்குப் போடுவதையும் பிள்ளைக்கு நல்லதென்று போடுவதையும் அடுப்புப் புகையோடு சேர்த்து நினைக்க எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் நாள் வாயை எடுக்காமல் பால் குடித்தான். வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பிள்ளை தப்பி வந்த சந்தோஷம் மாமியாருக்கு. வாசலில் திருஷ்டி சுற்றினார். சந்தையில் வாங்கிவைத்திருந்த வாசனைப் பொடியைச் சாம்பிராணியோடு சேர்த்துத் தணலில் கொட்டினார். என் கையிலிருந்து அவனை வாங்கிப் புகையில் காட்டினார். கூடையில் துணிகளைப் பரப்பியவள் நான்.

இரண்டே நாளில் மறுபடியும் திருப்பதி. டாக்டரம்மா அவனைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்து, அதை மோந்து பார்த்தார்.

“இது என்ன வாசனை?”

“சாம்பிராணிங்க.”

“கதவை மூடிட்டுப் போடுவீங்களா?”

“ஆமாங்க. காத்து படக்கூடாதுன்னு.”

“அன்னிக்கே கேட்டேனேம்மா.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் மதியம் மூச்சு நின்றது. எழுபத்தொரு நாள் பிள்ளை.

“பொகையாலதான் போச்சுன்னு நான் சொல்லமாட்டேன். கிருமிதான் நோய். ஆனா தேறி வர்ற நெஞ்சுக்குப் பொகை பெரிய சுமைம்மா. மணமா இருந்தாலும் பொகைதான்” என்றார் டாக்டரம்மா. வராந்தாவில் உட்கார்ந்திருந்த மாமியார் காதிலும் அது விழுந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டார். “நான்தான் கொன்னுட்டனாடி?”

இல்லை அத்தை என்று சொல்ல வாய் வரவில்லை. என் கையும் அதில் இருந்தது என்று சொல்லவும் வரவில்லை. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் பிறகு கேட்கவே இல்லை.

அடுத்து மகள் பிறந்ததும் ஒரு மழைக்காலத்தில்தான். மாமியாரே சன்னல் சாக்கைப் பிய்த்து எறிந்தார். ஈரத்துணிகளைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு உடம்புச் சூட்டில் காயவைத்தார். குளிரில் அவருக்குப் பல் அடித்துக்கொள்ளும். அப்போதாவது நான் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லாமலே அவரையும் சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

சாம்பிராணியோ ஊதுவத்தியோ, இருமுகிற பிள்ளை இருக்கும் அறையில் வேண்டாம். டாக்டர் கேட்டால் எல்லாவற்றையும் சொல்லுங்கள். மணக்கிறதையும் சொல்லுங்கள்.

இப்போது யார் வீட்டில் அந்த வாசனை வந்தாலும் என் மூச்சு நின்றுவிடுகிறது. நான் அடக்குவதில்லை, அதுவாக நிற்கிறது. வெளியே வந்து முதல் மூச்சை இழுக்கும்போது மார்பில் பால் கட்டியதுபோல வலிக்கிறது. பல் போய், முதுகும் வளைந்துவிட்டது. மார்புக்கு மட்டும் பால் கொடுக்கும் நேரம் இன்னும் முடியவில்லை.